ஒரே வெயில், ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று விதம். தோலின் எதிர்ப்புச் சக்தியை வெயில் குறைக்குமா, கூட்டுமா?

அம்பை பிசானம்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மைக்கு ஒன்பது வருடமாகச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு. முதலில் பார்த்த சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்று சொல்லி வெட்பாலைத் தைலம் கொடுத்தார், பிறகு நாங்களே வீட்டில் போட ஆரம்பித்துவிட்டோம். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு மொட்டைமாடியில் வைத்தால் நாலைந்து நாள் வெயிலில் எண்ணெய் கத்திரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். அதைத் தேய்த்துக்கொண்டு காலை வெயிலில் உட்காரவேண்டும். அம்மை சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உரலில் வெற்றிலையை இடித்தபடி திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். கோடையில் நன்றாகவே குறையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மறுபடி கிளம்பும்.

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினோம். வாரம் மூன்று நாள் லைட் வைக்கலாம் என்கிறார். “தோலில் எதிர்ப்புச் சக்தி தறிகெட்டு ஓடுகிறது, அல்ட்ரா வயலட் அதை அமர்த்தும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேலே கேட்க வாய் வரவில்லை.

இது ஒன்று. இரண்டாவது, அத்தான். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை. பங்குனி பிறந்து உப்பு வாருகிற வேலை மும்முரமானால் கீழுதட்டின் இடது ஓரத்தில், வருடா வருடம் அதே இடத்தில், கொத்தாகக் கொப்புளம் வரும். “வெயில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அண்ணாச்சி, அதான் உள்ளே கிடக்கிற வைரஸ் எழும்புது” என்று மருந்துக்கடைத் தம்பி சொல்லியிருக்கிறான்.

மூன்றாவது, தங்கச்சி. பகல் முழுக்க ஆபீஸில் இருக்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உவரிக் கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள் முன்கையிலும் கழுத்துக்குக் கீழேயும் பொரிப்பொரியாகச் சிவந்து ராத்திரி முழுக்கச் சொறிந்தாள். அவளுக்குச் சொன்னது சன் அலர்ஜி, அதாவது எதிர்ப்புச் சக்தி தேவைக்கு மேல் வேலை செய்கிறதாம்.

ஒரே வெயில் ஒருத்திக்கு மருந்து, ஒருத்தருக்கு எதிர்ப்பைக் குறைக்கிறது, ஒருத்திக்குக் கூட்டுகிறது. இதில் யார் சொல்வதை நம்புவது? குறைக்கிறது என்றால் உப்பளத்திலும் வயலிலும் கிடக்கிற சனம் பூராவும் சீழ்ப்புண்ணோடு அலையவேண்டாமா? அதோடு வெறும் வெளிச்சம் போய் எதிர்ப்புச் சக்தியை எப்படித் தொடும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

லேப் கோட்:

பிசானம், மூன்று பேர் சொன்னதும் சரிதான், சொன்ன விதம்தான் ஆளுக்கொரு துண்டாக இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் படித்தவன், இப்போது வெளியூரில் எதிர்ப்பாற்றல் பாடம் நடத்திப் பிழைக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து மாத்திரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். வெயிலில் நம்மை வந்து சேருகிற புற ஊதா இரண்டு வகை. 280 முதல் 315 நானோமீட்டர் வரை பி, அதற்கு மேல் 400 வரை ஏ. சி என்று ஒன்று உண்டு, அதை ஓசோன் மேலேயே விழுங்கிவிடும். பி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். ஏ உள்தோல் வரை இறங்கும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். எந்த ஒளியானாலும் ஏதாவது ஒரு மூலக்கூறு அதை உறிஞ்சினால்தான் வேலை நடக்கும், இல்லாவிட்டால் வந்த வழியே போகும். தோலில் உறிஞ்சுகிற ஆட்களில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று டிஎன்ஏ. அதன் எழுத்துகளில் ஒன்று தைமின், அடுத்தடுத்து நிற்கிற இரண்டு தைமின்கள் புற ஊதா பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று யூரோகானிக் அமிலம். 1874-இல் நாய் மூத்திரத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள், பெயரின் அர்த்தமே அதுதான் (பாடம் நடத்தும்போது பின்பெஞ்ச் விழித்துக்கொள்கிற ஒரே இடம் இது). நம் தோலின் மேலே செத்துக் கிடக்கிற அடுக்கிலும் வியர்வையிலும் இது நிறைய உண்டு. ஒளி பட்டால் ஒரு அணுகூடக் கூடாமல் குறையாமல், உடம்பு மட்டும் ஒரு பக்கம் மடங்கி, டிரான்ஸ் என்ற வடிவம் சிஸ் என்ற வடிவமாகிவிடும். மடங்கிய வடிவம் எதிர்ப்பை அமர்த்துகிற வடிவம். எதிர்ப்பை அமர்த்துகிற அலைநீளங்களும் இந்த அமிலம் உறிஞ்சுகிற அலைநீளங்களும் பொருந்தி வருவதை 1983-இல் டி ஃபாபோ, நூனன் என்ற இருவர் காட்டினார்கள்.

இனி அமர்த்துவது என்றால் என்ன என்று பார்ப்போம். மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று உண்டு. 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தோலைத் தங்கக் குளோரைடு போட்டுப் பார்த்தபோது கிளை கிளையாகக் கை நீட்டிய செல்கள் தெரிந்தன. நரம்பு என்றே நினைத்தார். அவை எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை என்று தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது. நீட்டிய கையில் அந்நியமாக எது மாட்டினாலும் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது என்போமே, அந்தக் கணுதான். அங்கே இருக்கிற டி செல்களிடம் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) காட்டி ‘இதைக் கண்டால் அடி’ என்று பழக்கும்.

புற ஊதா பட்டால் இந்தச் செல்கள் கையைச் சுருக்கிக்கொண்டு தோலைவிட்டுக் கிளம்பிவிடும். அடிபட்ட டிஎன்ஏவோடு கணுவுக்குப் போகிறவை டி செல்களைத் தப்பாகப் பழக்கும். ‘அடி’ என்பதற்குப் பதில் ‘விட்டுவிடு’ என்று பழகிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகும். இன்டர்லூக்கின் 10 மாதிரி அமர்த்துகிற சரக்குகளும் தோலில் கூடும். இத்தனைக்கும் தோல் சிவக்கிற அளவு வெயில் தேவையில்லை, அதற்குக் கீழேயே நடந்துவிடும்.

இதில் டிஎன்ஏவுக்குப் பங்கு உண்டு என்று காட்டிய சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1992-இல் வந்தது. தைமின் ஒட்டை வெட்டிச் சரிசெய்கிற ஒரு என்சைமைச் சின்னக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்து, புற ஊதா காட்டிய எலிகளின் தோலில் தடவினார்கள். காட்டிய ஒளி அதே ஒளிதான். டிஎன்ஏ பழுது குறைந்தது, எதிர்ப்பும் அமரவில்லை.

ஆனால் இந்தத் துறையே பிறந்தது அதற்கு முன்னால், 1970-களில், மார்கரெட் கிரிப்கியின் எலிகளிடம். புற ஊதா காட்டிக் காட்டி ஒரு எலிக்குத் தோல் புற்றுக் கட்டி வரவைத்து, அந்தக் கட்டியை வெட்டி அதே இனத்து இன்னொரு எலிக்கு வைத்தார். மரபணு எல்லாம் ஒன்றுதான், ஒட்டி வளரவேண்டும். வளரவில்லை, புது எலியின் எதிர்ப்பு அதைத் தள்ளிவிட்டது. அப்படியானால் அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடிய கட்டி முதல் எலியில் மட்டும் எப்படி வளர்ந்தது? வாங்கிக்கொள்ளும் எலிக்கும் முன்கூட்டியே புற ஊதா காட்டினார், கட்டி வருகிற அளவுக்கெல்லாம் இல்லை, கொஞ்ச காலம்தான். இப்போது கட்டி ஒட்டி வளர்ந்தது. பிறகு இன்னும் ஒரு படி போய், ஒளி பட்ட எலியின் நிணநீர்ச் செல்களை எடுத்து வேறொரு எலிக்குக் கொடுத்தால் ‘விட்டுவிடு’ என்ற பழக்கமும் கூடவே போவதைக் கண்டார்கள். ஆக வெயில் புற்று செல்லை உண்டாக்குவதோடு நிற்கவில்லை, அதைப் பிடிக்கவேண்டியவரையும் உட்கார்த்திவைக்கிறது.

உங்கள் சீழ்ப்புண் கேள்வி நல்ல கேள்வி. எதிர்ப்புச் சக்தி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வேலை இருக்கிறது. ஆளை அடையாளம் வைத்து அடிக்கிற டி செல் வேலைதான் வெயிலில் அமருகிறது. கண்ட கிருமியையும் கொல்லும் சின்னப் புரதங்களைத் தோல் தானே சுரக்கிறது அல்லவா, அது புற ஊதாவில் கூடுகிறது. அதனால்தான் உப்பளத்தில் சீழ் இல்லை. உதட்டு அக்கி, அதாவது ஹெர்பிஸ், வேறு கதை. அது நரம்பு முடிச்சுக்குள் படுத்துக்கிடக்கிற வைரஸ், அதைக் கட்டிவைத்திருப்பது டி செல். அந்தப் பிடி தளர்ந்தால் நரம்பு வழியே இறங்கி அதே இடத்தில் வந்து நிற்கும்.

தேரிக்காட்டான்:

எங்கள் தாத்தா ஐம்பது வருடம் பனையேறினார். மாசியிலிருந்து ஆடி வரை விடியக்காலையும் சாயங்காலமும் மரம், நடுவே செம்மண் தேரியில் வெற்று உடம்போடு நடை. தொண்ணூறைத் தொட்டார், தோலில் ஒரு புள்ளி கிடையாது. இதெல்லாம் வெள்ளைத் தோல்காரனுக்கு உள்ள சீக்கு, நமக்குக் களிம்பு விற்கப் பார்க்கிறார்கள். தோலில் வந்த காசநோயை ஒளி காட்டிக் குணப்படுத்தியதற்குத்தான் 1903-இல் ஃபின்சனுக்கு நோபல் கொடுத்தார்கள். எதிர்ப்பைக் குறைக்கிற ஒளி காசநோயை எப்படி ஆற்றும், அதைச் சொல்லும் வே.

லேப் கோட்:

தேரிக்காட்டாரே, ஃபின்சனை இழுப்பீர் என்று எதிர்பார்க்கவில்லை, சபாஷ். அங்கே ஒளியைக் குவித்து, புண் இருந்த இடத்தில் மட்டும், கிருமி மேலேயே காட்டினார். காசநோய்க் கிருமிக்குள் இருக்கிற போர்ஃபிரின் என்ற சரக்கு ஒளி பட்டு அதற்கே நஞ்சாகிவிடுகிறது என்று பிற்பாடு விளக்கினார்கள். ஒளி கிருமியை நேராக அடித்தது, எதிர்ப்பைக் கூட்டி அடிக்கவில்லை.

தாத்தா விஷயத்தில் பாதி உம் பக்கம். கருத்த மேல்தோலைத் தனியே எடுத்து அளந்தபோது அது சுமார் 13 எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கிற காப்பு எண்) அளவு காப்புக் கொடுத்தது, வெள்ளைத் தோலில் 3-ஐ ஒட்டித்தான். நம் ஊரில் வெயிலால் வரும் தோல் புற்று குறைவு என்பதும் உண்மை. ஆனால் எதிர்ப்பு அமருவது கருத்த தோலிலும் நடக்கிறது, லாங்கர்ஹான்ஸ் செல்கள் அங்கேயும் குறைகின்றன. மெலனின் குடை மாதிரி, தூறலை மறைக்கும், சாய்ந்தடிக்கிற மழையில் முழங்காலுக்குக் கீழே நனையத்தான் செய்யும். இந்த உடம்பில் குடை எட்டாத இடம் உதடு. அங்கே மெலனினும் குறைவு, மேலே செத்த அடுக்கும் மெல்லிசு. அத்தான் கதை அங்கேதான் நடக்கிறது.

தாத்தா விடியக்காலையும் சாயங்காலமும் ஏறினார் என்று நீரே எழுதியிருக்கிறீர். பி கதிர் அந்த நேரத்தில் ரொம்பக் கம்மி. உப்பு வாருகிறவர் அதிகாலையில் தொடங்கினாலும் உச்சி வரை இழுக்கும், அதுவும் நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் 12, 13 வாக்கில், சித்திரை பிறக்கிற நேரத்தில், சூரியன் நட்ட நடுத் தலைக்கு மேலே நிற்கும். நம் நிழலை நாமே மிதிக்கிற நாள். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. தலையில் துண்டு கட்டினாலும் காய்ந்த மணல் புற ஊதாவில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் திருப்பி அடிக்கும். வெள்ளை உப்பு பரந்த பாத்தியில் குனிந்து நிற்கிறவர் முகத்துக்குக் கீழேயிருந்து வருகிறது வெளிச்சம், துண்டு என்ன செய்யும்?

பிசானம், அத்தானுக்கு ஒன்று மட்டும். 1991-இல் ஒரு சோதனை வந்தது, உதட்டில் வெயில் பட்டால் கொப்புளம் வருகிற 38 பேர். உதட்டில் புற ஊதா காட்டியபோது வெறும் களிம்பு தடவியிருந்தால் பத்துக்கு ஏழு பேருக்கு வந்தது, சன்ஸ்கிரீன் தடவியிருந்தால் ஒருவருக்கும் வரவில்லை. களிம்பு விற்கப் பார்க்கிறார்கள் என்பவருக்கும் சேர்த்துத்தான் இது.

தேரிக்காட்டான்:

நிழலை மிதிக்கிற நாள் என்பது சரிதான். தாத்தாவும் உச்சி நேரம் விடிலிக் குடிசைக்குள்ளேதான் கிடப்பார், பாட்டி பதநீர் காய்ச்சுவாள். அதை நான் எழுதவில்லை.

வெள்ளரிப்பிஞ்சு:

பிசானம் அண்ணாச்சி, உங்கள் தங்கச்சிக்கு வந்ததுதான் எனக்கும், ஆறு வருடமாக. பாலிமார்ஃபிக் லைட் எரப்ஷன் என்று எழுதிக்கொடுத்தார்கள். பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். முதல் தடவை புதுச் சேலைச் சாயம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கடலுணவு என்று நினைத்து நாலு மாதம் மீன் சாப்பிடவில்லை, நெத்திலி சீசன் முழுக்கப் போச்சு. மூன்றாவது தடவைதான் கவனித்தேன், கைக்கடிகாரம் கட்டியிருந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஒன்றுமே இல்லை.

இதில் விசேஷம் என்னவென்றால் எங்களுக்கு வெயில் எதிர்ப்பைக் கூட்டவில்லை. லேப் கோட் அண்ணாச்சி சொன்ன அமர்த்தல் எங்களுக்குச் சரியாக நடப்பதில்லை. வெயிலில் அடிபட்ட தோல் செல் பார்ப்பதற்கு அந்நியம் மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் அந்த நேரத்தில் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் சொந்தத் தோலை யாரும் அடிப்பதில்லை. எங்கள் தோலில் புற ஊதா பட்ட பிறகும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும், அதனால் சொந்த வீட்டையே கல்லெறிகிற கதையாகிவிடுகிறது. இதைப் படித்த பிறகுதான் என் தோல் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

இன்னொரு வேடிக்கை. கோடை போகப்போக எனக்குக் குறைந்துவிடும். மாசியில் அரை மணி நேரத்துக்கு வருவது வைகாசியில் இரண்டு மணி நேரம் நின்றாலும் வராது, தோல் பழகிவிடுகிறது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கும் சீசன் தொடங்குமுன் கொஞ்சம் கொஞ்சமாக லைட் வைத்துப் பழக்குவார்கள், உங்கள் அம்மைக்குச் சொன்ன அதே லைட்தான். தங்கச்சி தினமும் நிழலிலேயே இருந்துவிட்டு ஒரே நாள் உவரி மணலில் போய் நின்றதுதான் வினை.

லேப் கோட்:

பிள்ளை என் வேலையை மிச்சப்படுத்திவிட்டது. கூட ஒன்று. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் புற்று குறைவாக இருக்குமா என்றுகூடச் சிலர் தேடிப்பார்த்திருக்கிறார்கள், கேள்வி அந்தத் திசையில்தான் போகும் இல்லையா. மூக்கணாங்கயிறு இல்லாத மாடு வீட்டுக்காரனை முட்டும், திருடனையும் முட்டும்.

பணகுடிக் காற்று:

நான் இந்தப் பக்கம் படிக்க மட்டும் வருகிறவன். இன்று எழுதவேண்டும் என்று தோன்றிற்று. எனக்குச் சிறுநீரகம் மாற்றி ஏழு வருடம் ஆகிறது, கொடுத்தது என் அம்மா. காற்றாலை பராமரிப்பில் இருந்தேன், கோபுரத்துக்குக் கீழே ஒரு மரம் நிழல் கிடையாது. ஆபரேஷன் செய்த இடத்தில் எட்டுப் பக்கத்துக்கு மருந்து நேரம், உப்பு, தண்ணீர் எல்லாம் எழுதிக்கொடுத்தார்கள், வெயிலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மூன்றாம் வருடம் கையிலும் விரலிலும் மருக்கள் கிளம்பி வேறொரு தோல் டாக்டரிடம் போனபோதுதான் அவர் என் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, அசாதயோப்ரின் இருக்கிறதே, வெயிலில் நின்றா வேலை செய்கிறாய் என்று சத்தம் போட்டார். மாற்றிய சிறுநீரகத்தைத் தள்ளாமல் இருக்க மாத்திரை ஏற்கெனவே எதிர்ப்பை அமர்த்தி வைத்திருக்கிறது, அதற்கு மேல் வெயிலும் அமர்த்துகிறது, போதாததற்கு அந்த மாத்திரையே தோலை ஏ கதிருக்குக் கூசவைக்கும் என்றார். வேலையை உள்ளே மாற்றி வாங்கினேன். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. ஊரில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

லேப் கோட் சார், நிக்கோட்டினமைடு மாத்திரை எடுத்தால் இதைத் தடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

லேப் கோட்:

மருந்து கேட்காதீர்கள் என்றேன், ஆனால் கேள்வி நியாயமானது. நிக்கோட்டினமைடு பி3 வைட்டமினின் ஒரு வடிவம். வெயில் பட்ட செல்லுக்கு டிஎன்ஏ பழுது பார்க்கத் தேவைப்படும் ஆற்றலைக் குறையவிடாமல் வைப்பதால் எதிர்ப்பு அமருவதையும் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்று வந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்ததில் புதிதாக வருவது ஒரு வருடத்தில் 23 சதவீதம் குறைந்தது, 2015-இல் வெளிவந்தது. நிறுத்தியதும் பலன் போய்விட்டது. ஆனால் உறுப்பு மாற்றியவர்களிடம் தனியாகச் செய்து 2023-இல் வெளியான சோதனையில் பலன் தெரியவில்லை. வீடியோக்காரர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டிருப்பார். உங்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இரண்டு சோதனைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. மாத்திரைச் சீட்டில் எதைக் கூட்டுவதானாலும் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒளி அறை அக்கா:

தம்பி பிசானம், நான் பதினொரு வருடமாக லைட் ரூமில்தான் நிற்கிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருமுன் சில விஷயம் தெரிந்துகொள். ஆள் உயரத்துக்குப் பெட்டி, உள்ளே சுற்றிலும் ட்யூப் லைட். 311 நானோமீட்டரை ஒட்டிய பி கதிர் மட்டும் வரும். 300-க்குக் கீழே போனால் தோல் வேகுமே தவிரப் படை குறையாது என்று 1981-லேயே அளந்துவிட்டார்கள், அதனால்தான் இந்த ட்யூப். படைக்குள் குவிந்து கிடக்கிற டி செல்களை இது சாகவைக்கும், டாக்டர் சொன்ன அமர்த்தலில் அதுவும் சேர்த்தி. காலை வெயிலில் இந்தக் கதிர் கொஞ்சூண்டுதான். அம்மாவுக்குக் கோடையில் குறைந்தது வெயிலால் என்றால் அது ஏழு மணி வெயில் மட்டுமாக இருக்காது, வத்தல் காயவைக்கப் போனது, தண்ணீர் எடுக்கப் போனது எல்லாம் சேர்ந்துதான்.

முதல் நாள் உள்ளே போய் லைட் எரிந்து அணைவதற்குள் “அவ்வளவுதானா?” என்பார்கள். விநாடிக் கணக்குதான், அப்புறம் தடவைக்குத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். இருபது முப்பது தடவை ஆகும். நாலு தடவையில் குறையவில்லை என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். இடையில் இரண்டு வாரம் வராமல் இருந்தால் பழைய அளவிலேயே வைக்கமாட்டோம், இறக்கித்தான் தொடங்குவோம், அதற்குச் சண்டை போடவேண்டாம்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வயதானவர்கள் சேலையை அவிழ்க்கக் கூச்சப்படுவார்கள், உள்ளே பெண்கள்தான் இருப்போம் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவா. இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். வளையல், கொலுசு, தாலிக் கயிறு எதுவானாலும் கழற்ற முடியாவிட்டால் தினமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். ஒரு அம்மா பத்து நாள் தாலிக் கயிற்றைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார், பதினோராம் நாள் அது முன்னால் இருந்தது. பத்து நாளாக மறைந்திருந்த முதுகுக் கோட்டில் திடீரென்று ஏற்றிய அளவு விழுந்து கயிறு மாதிரியே செக்கச்செவேல் என்று ஒரு தடம். கழுத்தில் பாம்பு ஏறினது போல இருக்கிறது என்று அழுதுவிட்டார். ஒரு வாரம் நிறுத்தவேண்டி வந்தது.

வேறு மாத்திரை புதிதாக எது தொடங்கினாலும் எங்களிடம் சொல்லவேண்டும், சில ஆன்டிபயாட்டிக் தோலைக் கூசவைக்கும். லைட் வைத்த நாளில் வெயிலில் போய் உட்காரக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் வெந்துவிடும்.

அம்பை பிசானம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தானிடம் உதட்டுக்கு சன்ஸ்கிரீன் என்றதும் “லிப்ஸ்டிக் போடச் சொல்லுதியா மாப்ளே” என்று சிரித்தார். அக்கா வாங்கி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். தங்கச்சி இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தாள், அவளுக்கும் அங்கே ஒன்றும் இல்லை.

அம்மை லைட்டுக்குச் சரி என்றுவிட்டாள். ஆனால் ஒரே பிடியாக ஒன்று கேட்கிறாள். வெட்பாலைத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் பெட்டிக்குள் போவாளாம். வெயிலில் அப்படித்தானே உட்கார்ந்தேன், இதுவும் வெயில்தானே என்கிறாள். ஒளி அறை அக்கா, என்ன சொல்லட்டும்?

ஒளி அறை அக்கா:

அந்தக் கத்திரிப்பூ நிற எண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தால் அந்த நிறம் எவ்வளவு கதிரைத் தின்னும் என்று நான் எப்படிக் கணக்குப் போடுவேன்? ஒரு நாள் கெட்டியாக, ஒரு நாள் லேசாகத் தேய்த்தால் எங்கள் அளவே தப்பிவிடும். தோல் உரியக் கொடுக்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பும் வருமுன் கூடாது, அது பி கதிரைக் குடித்துவிடும். செதில் தடிப்பாக இருந்தால் நிறமில்லாத வெறும் தேங்காய் எண்ணெயை மெல்லிசாக நாங்களே போட்டு உள்ளே விடுவோம், ஒளி நன்றாக இறங்கும். தைலத்தை லைட் முடிந்து வீட்டுக்கு வந்து ராத்திரி தேய்த்துக்கொள்ளட்டும், டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்குக் கூட்டம் குறைவு. முதல் நாள் நீயே கூட வா, அந்தப் பெட்டிக் கதவைப் பார்த்து லிஃப்ட் என்று நினைத்துத் திரும்பிப் போன ஆச்சிமார் உண்டு.